போர்டு அனுமதி

ஞானசிகாமணி சார் பேச ஆரம்பித்தால் சுவர்க் கடிகாரத்துக்கே கொட்டாவி வரும். தூத்துக்குடி ஓட்டல் ஹாலில் அவருடைய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மேல்நிலைப் பயிற்சி. பக்கத்து அறையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"டாலரன்ஸ்னா என்ன? நேரம் இவ்வளவுதான் தாண்டலாம்னு ஒரு வரம்பு. அதுக்கு மேல போனா, மேல இருந்து முடிவெடுக்கிற குழு, அதான் போர்டு, அதோட அனுமதி இல்லாம மேனேஜர் ஒரு அடி வைக்கக் கூடாது. அப்படி வரம்பு தாண்டி ஓடுற ஒரு ப்ராஜெக்டை, அதோட மேனேஜரே தப்புன்னு ஒத்துக்கிற மாதிரி காட்டுங்க. அதுவரைக்கும் யாருக்கும் சாப்பாடு கிடையாது!"

எந்த மேனேஜர் ஒத்துக்கொள்வார்? கடைசி வரிசையிலிருந்து செல்வமேரி எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்தான்.

"சார், ஒரு மணிக்கு முடிய வேண்டிய ப்ராஜெக்ட். இப்ப ரெண்டரை ஆச்சு. மேனேஜர் போர்டைக் கேக்கவே இல்ல, பேசிக்கிட்டே இருக்காரு."

"யாரும்மா அந்த ஆளு? ரொம்பத் தப்பு! முதல்ல வாயை மூடச் சொல்லு!"

"நான் எப்படி சார் உங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியும்?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். அசடு வழிந்தார். "சரி, போர்டு யாரு?"

"பசியோட இருக்கிறவங்க எல்லாரும் சார்."

"அப்ப இன்னும் பத்தே நிமிஷத்துக்கு போர்டு அனுமதி…" என்று திரும்பினார்.

போர்டு பிரியாணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.