ஒருவரும் தொடாத கட்டம்

ஒரு நர்சிங் கல்லூரியில் ஒரு வினாத்தாள் இருந்தது. அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் அண்ணன் தம்பிகளாகக் குடியிருந்தார்கள். மூத்தவன் பெயர் சரி. நடுவன் பெயர் தவறு. கடைக்குட்டியின் பெயர் தெரியாது.

தாளை எழுதியவர் பிரிசில்லா மேடம். மறதிநோயைப் பற்றி மாணவிகளுக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருபத்தைந்து வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று சகோதரர்களையும் வரிசையாக நிறுத்தினார். வாக்கியம் உண்மையென்றால் மூத்தவனுக்கு டிக். பொய்யென்றால் நடுவனுக்கு. தெரியவில்லை என்றால் கடைக்குட்டிக்கு.

அளப்பதற்கு முன்பே மூத்தவன் அளக்க ஆரம்பித்துவிட்டான்.

"லேய் கடைக்குட்டி, நீ எதுக்குல இங்க நிக்க? வாரவன் எல்லாம் ஒண்ணு எங்கிட்ட வருவான், இல்லைன்னா இவங்கிட்ட போவான். உன்னை எவன் தேடப் போறான்?"

"யாராவது ஒருத்தருக்கு என்னால உபயோகம் இருக்கும்ணே" என்றான் கடைக்குட்டி.

"ஒப்புக்குச் சப்பாணி!" என்று சிரித்தான் மூத்தவன். நடுவன் நல்லவன்தான். ஆனாலும் அவனும் சிரித்தான்.

பரீட்சை நாள் வந்தது. பிரிசில்லா மேடம் நாற்பது மாணவிகளுக்கும் தாளைக் கொடுத்துவிட்டு, மேசையைத் தட்டிச் சொன்னார்:

"பிள்ளைகளா, இது ஜெயிக்குத பரீட்சை இல்ல. தெரியலைன்னா தெரியலைன்னு டிக் பண்ணுங்க. இதைப் பாத்துத்தான் உங்களுக்கு நாலு நாள் கிளாஸ் வைக்கணுமா, இல்ல நேரா முதியோர் இல்லத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பலாமான்னு முடிவு செய்வோம்."

அவர் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளைகளின் காதில் ஓதப்பட்டது வேறு. தெரிந்ததை எழுது, தெரியாததையும் எழுது, எதை எழுதினாலும் இடம் விடாமல் எழுது. இந்த மந்திரத்தை ஒரு மேடம் ஒரு நிமிடத்தில் அழித்துவிட முடியுமா?

இரண்டாம் பெஞ்சில் முப்பிடாதி என்ற மாணவி இருந்தாள். கெட்டிக்காரி, கைராசிக்காரி, ஊசி போட்டால் வலிக்காது என்று வகுப்பில் பேர். பக்கத்தில் அவள் தோழி ரெஜினா.

"ஏட்டி, ஒண்ணையும் விட்டுராத" என்று ரெஜினா காதைக் கடித்தாள். "மார்க் இல்லைம்பாங்க. பெறவு மார்க்கைத்தான் பாப்பாங்க."

முப்பிடாதி வேகமாக டிக் போட்டுக்கொண்டே வந்து பதினான்காம் வாக்கியத்தில் நின்றாள். 'இறந்துபோனவரைத் தேடும் மறதிநோயாளியிடம், அவர் இறந்துவிட்டதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நினைவு திரும்பும்.'

பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லக் கடைக்குட்டியின் பக்கம் வந்தது. வா தாயே, வா, என்று நான்கு பக்கமும் விரிந்து காத்திருந்தான். மையின் வாசனை வரை வந்துவிட்டது.

முப்பிடாதி பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். விரலை மூத்தவனுக்கும் நடுவனுக்கும் நடுவே ஆட்டி, உதட்டுக்குள் 'இங்கி பிங்கி பாங்கி' சொன்னாள். விரல் நடுவன்மேல் நின்றது. டிக் விழுந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதுவே சரியான விடை.

மறுநாள் மதிப்பெண் வந்தது. முப்பிடாதிக்கு இருபத்தைந்துக்கு இருபத்தொன்று. வகுப்பின் சராசரி பத்தொன்பது. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மகிழ்ந்தார்.

"அதான் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே மேடம். கிளாஸ் எதுக்கு? திங்கக்கிழமையே இல்லத்துக்கு அனுப்பிருங்க."

பிரிசில்லா மேடத்துக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எண் அவர் பக்கம் இல்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டைப் அடிக்கிற பெண்ணிடம் சொன்னார்: "அடுத்த தடவை மூணாவது கட்டத்தை எடுத்துரும்மா. நாப்பது பேர்ல ஒருத்தர் கூடத் தொடல."

கடைக்குட்டி அதைக் கேட்டான். மூத்தவனும் கேட்டான், சும்மா இருப்பானா? "உன் கதை முடிஞ்சு போச்சுல" என்றான். கடைக்குட்டி அழவில்லை. தன் நான்கு கோடுகளையும் நேராக வைத்துக்கொண்டு நின்றான். போவதானாலும் கோணலாகப் போகக் கூடாது என்பது அவன் ரோஷம்.

முப்பிடாதிக்குத் தன் இருபத்தொன்றை வீட்டில் காட்ட ஆசை. திருத்திக் கொடுத்த தாளை நான்காக மடித்து யூனிஃபார்ம் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்படித்தான் மூன்று சகோதரர்களும் திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனார்கள்.

அங்கே தங்கச்சாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடம் பஸ் கண்டக்டர். மறதிநோய் வந்து எல்லாம் உதிர்ந்தபின்னும் ஊர்ப் பெயர்களும் டிக்கெட் விலையும் மட்டும் உதிராமல் இருந்தன. மதியம் முப்பிடாதி சோற்றுத் தட்டோடு போனாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்தார்.

"பொன்னுத்தாயி வரட்டும். பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்குவாளி கொண்டாருவா. ஒன்றரைக்கு வண்டிய எடுக்கணும்."

பொன்னுத்தாய் அவர் மனைவி. இறந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. முப்பிடாதி அவர் கையைப் பிடித்து அன்பாகத்தான் சொன்னாள்: "ஐயா, அவங்க தவறிட்டாங்கல்லா. அஞ்சு வருசமாச்சு."

பெரியவரின் முகம் சுருங்கியது. வாய்விட்டு அழுதார். அழுது முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசலைப் பார்த்தார். "பொன்னுத்தாயி இன்னும் வரலையே?"

முப்பிடாதி மறுபடியும் சொன்னாள். சொல்லச் சொல்ல நினைவில் நிற்கும் என்று நினைத்தாள். மறுபடியும் அதே அழுகை. மூன்றாம் முறை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

அன்று தட்டு அப்படியே திரும்பிப் போனது.

முப்பிடாதி தாழ்வாரத்துக்கு ஓடினாள். பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். பதினான்காம் வாக்கியம். அது தவறு என்று தான் போட்ட டிக்கும், பக்கத்தில் மேடம் சிவப்பில் போட்ட ஒரு மதிப்பெண்ணும் அவளைப் பார்த்தன.

"எனக்குத் தெரியும்னு மார்க் போட்டிருக்கு" என்றாள், தனக்குத்தானே. "எனக்கு எங்க தெரியும்? ஒரு மனுசனை மூணு தடவை அழ வச்சிருக்கேன்."

நடுவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை. "ஏட்டுச் சுரைக்காய்ங்கறது நான்தான் போலிருக்கு" என்றான்.

முப்பிடாதி பேனாவை எடுத்தாள். நடுவன்மேல் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தாள். பேனா நகர்ந்தது. இம்முறை பின்வாங்கவில்லை. கடைக்குட்டியின் நடுநெஞ்சில் ஒரு டிக் விழுந்தது, பளிச்சென்று. பிறகு மேலிருந்து கீழே வரை வாசித்துக்கொண்டே வந்தாள். குருட்டாம்போக்கில் அடித்துச் சரியாகிப்போனவை மொத்தம் ஒன்பது. ஒன்பதையும் கடைக்குட்டிக்கே கொடுத்தாள்.

கடைக்குட்டிக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்கூட இடம் கிடைக்காதவனைக் கூப்பிட்டு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மறுநாள் காலை முப்பிடாதி பிரிசில்லா மேடத்தின் முன் போய் நின்றாள்.

"மேடம், என் மார்க்கைக் குறைச்சிருங்க."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கூட்டிப் போடச் சொல்லி வந்த பிள்ளைகளைத்தான் இத்தனை வருசமா பாத்திருக்கேன். என்ன ஆச்சு?"

முப்பிடாதி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இங்கி பிங்கி பாங்கியையும் சொன்னாள். மேடம் சிவப்புப் பேனாவால் இருபத்தொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். எழுதும்போது அவர் முகம் நூற்றுக்கு நூறு போடுகிற முகமாக இருந்தது.

"இதை கிளாஸ்ல சொல்லுவியா?"

தயங்கினாள். இருபத்தொன்று வாங்கியவள் பன்னிரண்டு என்று நாற்பது பேர் முன்னால் சொல்வது லேசான காரியமா? ஆனாலும் சொன்னாள். முதலில் எழுந்தவள் ரெஜினா.

"மேடம், எனக்கு வேற தாள் குடுங்க. நான் பாதி அடிச்சு விட்டதுதான்."

நாற்பது பேரும் மறுபடி எழுதினார்கள். பத்தொன்பதாக இருந்த சராசரி பதினொன்றுக்கு இறங்கியது. பிரின்சிபால் பதறிப்போய்க் கேட்டார்: "என்ன மேடம், இப்படி விழுந்து கிடக்கு?"

பிரிசில்லா மேடம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "விழல சார். இப்பத்தான் ஒழுங்கா அளந்திருக்கோம். என் பிள்ளைகளை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. நாலு நாள் குடுங்க."

நான்கு நாள் கிடைத்தது. மூன்றாம் கட்டத்தை எடுக்கச் சொன்ன உத்தரவும் ரத்தானது. பதினான்காம் வாக்கியத்துக்கு மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. "அவருக்கு அந்தச் சேதி ஒவ்வொரு தடவையும் புதுசு" என்றார் மேடம். "திருத்தப் போகாதீங்க. அந்தம்மாவைப் பத்திப் பேச விடுங்க."

முப்பிடாதி பன்னிரண்டு மார்க் தாளைக் கேட்டு வாங்கி, பழையபடி பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை இல்லத்துக்குப் போனாள். பெரியவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொன்னுத்தாயி வரலையே?"

முப்பிடாதி தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க கைச்சமையல் எப்படி ஐயா இருக்கும்? தூக்குவாளியில என்ன கொண்டாருவாங்க?"

பெரியவரின் முகம் மலர்ந்தது. "உளுந்தஞ்சோறு. எள்ளுத் துவையல். டிரைவருக்கும் சேத்துக் கொண்டாருவா. அவன் என் பங்கையும் தின்னுருவான், களவாணிப் பய!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். முப்பிடாதி ஒரு வாய் ஊட்டினாள். இன்னொரு வாய்க்குத் தட்டை அவரே இழுத்துக்கொண்டார். ஊர் ஊராகப் பேர் சொல்லிக்கொண்டு, வழித்துச் சாப்பிட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பைக்குள் மூத்தவனுக்கு இன்னும் ஆறவில்லை. "எல்லாம் சரிதான். ஆனா இருபத்தொண்ணைப் பன்னெண்டாக்கிட்டியேல. உனக்கு ஒரு மார்க்காவது உண்டா?"

"மார்க்கெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே" என்றான் கடைக்குட்டி. "அந்தக் காலித் தட்டு என்னோடது."