சுகிர்தாவின் நூற்றுக்கு நூறு

"டீச்சர், இதுல ஒரு கையெழுத்து போடுங்க. பத்தாம் வகுப்பு சுகிர்தா காப்பி அடிச்சிருக்கா."

கணக்கு வாத்தியார் தணிகாசலம் புகார்த் தாளை நீட்டினார். வகுப்பாசிரியை கையெழுத்து இல்லாமல் அது தலைமையாசிரியர் மேசைக்குப் போகாது. வகுப்பாசிரியை, தமிழ் எடுக்கும் பூங்கோதை. தணிகாசலத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

பூங்கோதை தாளைத் தொடவில்லை.

"அவ அடிச்சதைப் பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா? போன பரிட்சை வரைக்கும் பாஸ் மார்க்கையே எட்டிப் பாக்காதவ. இப்ப நூத்துக்கு நூறு. பக்கத்துல உக்காந்தது யாரு? பர்வீன். கணக்குல புலி."

தணிகாசலத்துக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. யாராவது எடுத்துவிடுவார்கள் என்று சாக்பீஸைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். டீக்கடைக்காரர் மேல் நம்பிக்கை இல்லாமல் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். அந்தப் பிளாஸ்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். இப்பேர்ப்பட்ட மனுஷரிடம் போய் ஒரு பெண் திடீரென்று நூறு வாங்கலாமா?

"நேத்து போர்டுக்குக் கூப்பிட்டேன்," என்றார். "அதே கணக்கைக் கொடுத்து, பக்கத்துலயே நின்னேன். முதல் வரியோட கை நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"புகார் போனா அவங்க அப்பாவைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும்."

"அவளை நூல் மில்லுக்கு அனுப்ப அவரு ஒரு சாக்குத் தேடிட்டு இருக்காரு சார்."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இறங்கிவர மனசு வரவில்லை. பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுத்தே பழகிய இந்தத் தமிழ் டீச்சர் தன்னை மடக்கப் பார்க்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. நெசமாவே தெரியுமா, காப்பி அடிச்சாளான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"அடுத்த பீரியட் எனக்கு அங்கதான். வாங்க."

வகுப்பு எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. பூங்கோதை தணிகாசலத்தைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார்.

"காலையில பிரேயர்ல பாடுவோமே, வாழ்த்துப் பாட்டு. அதைச் சொல்லுங்க சார். பாட வேண்டாம், சொன்னாப் போதும்."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பாடுகிற பாட்டு. அதுவும் முன்வரிசையில் நின்று, கணீரென்று.

முதல் இரண்டு அடிகள் கடகடவென்று வந்தன.

பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். தணிகாசலத்தின் வாயையே உற்றுப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

மூன்றாவது அடி வரவில்லை.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கழுத்தில் வியர்வை இறங்கியது. தெரிந்த பாட்டு. சத்தியமாகத் தெரிந்த பாட்டு. இந்த வயதில் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

பூங்கோதை அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இத்தனை வருஷமா யாரைப் பாத்து காப்பி அடிச்சீங்க சார்?"

நேற்று சுகிர்தா நின்ற இடத்தில் இன்று தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். நேற்று அவர் நின்ற இடத்தில் பூங்கோதை.

சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

"சுகிர்தா."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, பரீட்சையில் வராத கணக்கு ஒன்றைச் சொன்னார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருந்த ஜன்னலோரம் போய், பலகைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து நமநமத்தது. பர்வீன் ஏதாவது ஜாடை காட்டுகிறாளோ? புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கிறாளோ?

ஒரு கையால் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் புகார்த் தாள் கசங்கியது.

சாக்பீஸ் கீச்சென்றது. நின்றது. மறுபடி கீச்சென்றது. அப்புறம் நிற்கவே இல்லை.

"முடிச்சிட்டேன் சார்," என்றாள் சுகிர்தா. "வந்து பாக்குறீங்களா?"

தணிகாசலம் திரும்பவில்லை.

"நீயே டிக் போட்டுடும்மா."