பத்தாம் நாள் மதியம்

"ஏம்மா, எத்தனை தடவை சோதிச்சா இந்தப் பயம் போகும்?"

கேட்டவர் கனகசபை. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருபது வருஷமாக நிரல் எழுதுகிறவர். கேட்டது ஷாஹிதாவிடம். அதே குழுவில் சோதனை செய்கிறவள், அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. வேலையை விடுகிறேன் என்ற கடிதம்.

காரணம் ரங்கப்பன் என்ற பெரியவர். டயாலிசிஸ் மையத்தில் யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்று சொல்வது கனகசபை எழுதிய செயலிதான். போன தடவை புதுசாக மாற்றிக் கொடுத்த அன்று பெரியவர் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தார். செயலி அவர் நாற்காலியை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. மனுஷன் வீட்டுக்குத் திரும்பிப் போய், மறுநாள் மூச்சு முட்டி அவசரப் பிரிவில் கிடந்தார். பிழைத்ததே பெரிய விஷயம்.

அந்தக் குழுவின் பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செயலியைப் புதுப்பித்து வெளியிடுவார்கள். வேலை நாள் பத்து. ஒன்பதரை நாள் எழுதுவார்கள். வேலையை எழுதிச் சுவரில் ஒட்டிய சீட்டை 'முடிந்தது' கட்டத்துக்கு நகர்த்துவார்கள். பிறகு பத்தாம் நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "ஷாஹிதா, கொஞ்சம் பாத்துடும்மா" என்பார்கள்.

கொஞ்சமாம்.

ஷாஹிதா கடிதத்தை வாங்கினாள். மடித்து, டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"பத்து நாள் குடுங்கண்ணா. இதையும் பாத்துச் சொல்றேன்."

திங்கட்கிழமை காலை தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"இன்னும் ஒரு வரிகூட எழுதலியே. என்னத்தை சோதிப்பே?"

"பெரியவர் லேட்டா வர்றாரு. நாற்காலி யாருக்கு?"

"அடுத்தவருக்கு."

"இவருக்கு?"

கனகசபை விசைப்பலகையை நகர்த்தி வைத்தார்.

"தெரியலம்மா."

"ஒரு தப்பு கிடைச்சாச்சு," என்றாள் ஷாஹிதா.

அவளே மையத்துக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டிவைத்தாள். நர்ஸ் ஜெசிந்தா பேசினார்.

"லேட்டா வர்றவங்களுக்குன்னு எப்பவுமே ஒரு நாற்காலி காலியா வச்சிருப்போங்க. போன தடவை நீங்க மாத்திக் குடுத்தப்புறம் உங்க செயலி அதையும் நிரப்பிடுது. எங்ககிட்ட யாருங்க கேட்டீங்க?"

கனகசபைக்கு முகம் சிவந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. வலித்தது.

அன்று அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் அது எங்கே பிசகும் என்று அவள் ஓட்டிக் காட்டினாள். டீ வருவதற்குள் அவர் சரி செய்தார். செவ்வாயும் அப்படித்தான். புதன் இரண்டு தடவை சண்டை போட்டார்கள். சுவரில் இருந்த சீட்டை யாரும் தொடவில்லை.

பத்தாம் நாள் மதியம் கனகசபை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பழக்கதோஷத்தில் அவள் முன்னால் நின்றார்.

"ஷாஹிதா, கொஞ்சம் பாத்துடும்மா."

"என்னத்தை?"

யோசித்தார். ஒன்றும் பாக்கியில்லை.

இருவருமாகச் சீட்டை நகர்த்தினார்கள். செயலி மையத்துக்குப் போயிற்று.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. கனகசபை எடுக்கவில்லை. ஷாஹிதா எடுத்து ஒலியைக் கூட்டிவைத்தாள்.

"ரங்கப்பன் ஐயாவுக்கு இன்னிக்கும் பஸ் கிடைக்கலைங்க. ஒரு மணி நேரம் லேட்டு."

கனகசபை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி இருந்துச்சுங்க. உட்கார வச்சாச்சு. இப்ப பாத்தா குறட்டை விட்டுத் தூங்குறாரு."

கனகசபை தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார், பிறகு சிரித்தார், மறுபடியும் துடைத்தார். பெருமூச்சு ஒன்று வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டம்ளருக்கு அடியில் இருந்த காகிதம் அவர் கண்ணில் பட்டது. டீக்கறை வட்டமாகப் படிந்திருந்தது.

"அதைப் பாத்துச் சொல்றேன்னியே. பாத்தியா?"

"பாத்தேண்ணா. ஒரு தப்பு இருக்கு."

"எதுல?"

"தேதி பழசாயிடுச்சு."