சிவப்புப் பிடி

எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. என் பேர் சீனி; எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேனோ, சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஞானம் கேட்கப் போகிறவர்கள் மலைக்குப் போவார்கள். நான் ரோலிங் ஷட்டர் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை சகாயமேரியுடையது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். மற்றவர்கள் கைவிட்ட ஷட்டர் கடைசியில் அவளிடம்தான் போகும் என்று ராஜபாளையத்தில் சொல்வார்கள். அதிகம் பேசமாட்டாள் என்றும் சொல்வார்கள்.

"ஷட்டர் திறக்க மாட்டேங்குது தாயி," என்றேன்.

"எப்பயிருந்து?"

"ஆறு மாசமா. தெனமும் இல்ல. அப்பப்ப."

"வேற யாரும் பாத்தாங்களா?"

மூன்று பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் கிரீஸ் போட்டார். ஒருவர் வயரை மாற்றினார். ஒருவர் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவர்கள் வந்து சுவிட்சைத் தட்டினால் ஷட்டர் சமர்த்தாக மேலே போகிறது.

"எனக்கு வியாழக்கிழமைக்குள்ள சரியாகணும்," என்றேன்.

"வியாழக்கிழமை என்ன?"

"அண்ணன் மகன் பிரதீப்புக்கு நிச்சயதார்த்தம்."

"நிச்சயதார்த்தத்துக்கும் ஷட்டருக்கும் என்னக்கா?"

"தெரியல. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு," என்றேன்.

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் இருப்பது அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அண்ணன்தான் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். காருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன். மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி. வேறு கதவோ ஜன்னலோ கிடையாது. மோட்டார் ஷட்டர் ஒன்றுதான் வழி. ரிமோட் மதினியிடம் இருக்கும். உள்ளே சுவரில் எனக்கு ஒரு சுவிட்ச்.

போன தடவை ஷட்டர் மாட்டிக்கொண்டபோது வீட்டில் யாரும் இல்லை. மத்தியானம் பேட்டரி சூடாகி, முட்டை அழுகின மாதிரி நாற்றம் வந்தது. தொண்டை எரிந்தது. பிரதீப்புக்குப் போன் போட்டேன். "மண்டபத்துல ஒரே சத்தம் அத்த, ஒண்ணும் கேக்கல," என்று வைத்துவிட்டான். ஷட்டருக்கு அடியில் இருக்கிற விரற்கடைச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு, சாயங்காலம் அவர்கள் வரும்வரை தரையில் படுத்துக் கிடந்தேன்.

சகாயமேரி கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்குக் கார் எங்க நின்னுச்சு?"

"தெருவுல. முதல் நாளே கழுவணும்னு வெளிய எடுத்துட்டாங்க."

"அதுக்கு முந்தின தடவ?"

"அப்பவும் வெளியதான்."

"கார் ஒரு நாள்கூட உள்ள மாட்டிக்கிடலையா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல."

"கொடுத்துவச்ச காரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எந்தெந்தத் தேதில மாட்டுச்சு?"

"தேதி ஞாபகமில்ல தாயி. மொத தடவ, மதினி தங்கச்சி வீட்டுப் பால் காய்ச்சுன அன்னைக்கு. அப்புறம் அண்ணன் பேத்திக்குக் காது குத்துன அன்னைக்கு. சொந்தத்துல ஒரு வளைகாப்பு அன்னைக்கு. பேட்டரி நாறினது, மதினி அண்ணன் மக கல்யாணத்தன்னைக்கு."

"எல்லாரும் கெளம்பிப் போயி, ஷட்டர் ஒழுங்கா திறந்த நாள் ஒண்ணு சொல்லுங்க."

"மதினியோட சித்தப்பா செத்த அன்னைக்கு நல்லா திறந்துச்சு. என்னத்தான் முதல்ல கார்ல ஏறச் சொன்னாங்க. நல்லா அழுவேன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவள் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கிரீஸ் போடுவேன், மோட்டார் மாத்துவேன்," என்றாள் சகாயமேரி. "பஞ்சாங்கம் பாக்குற ஷட்டர எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியாதுக்கா."

"மதினி அப்படித்தான். எதுத்தாப்புல யார் வரணும், யார் வரக்கூடாதுன்னு பாப்பாங்க," என்றேன். "ஆனா எங்கண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்காது. லாரிக்குத் தார்ப்பாய் கட்டி என்னய வளத்தவரு. கட்டிக் குடுத்தவரு. அவருக்குத் தெரிஞ்சா விடமாட்டாரு."

"சரிக்கா."

"நெசமா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

எழுந்து ஆணியில் மாட்டியிருந்த ரிமோட்டை எடுத்தாள். பட்டறை ஷட்டர் கடகடவென்று கீழே இறங்கியது. வெளிச்சம் மங்கிவிட்டது. நாங்கள் இருவரும் உள்ளே.

"இதுல எத்தன பட்டன்?"

"நாலு. எங்க வீட்டுதும் இதேதான். மேல, கீழ, நிறுத்துறதுக்கு ஒண்ணு. நாலாவதுல பூட்டுப் படம்."

நாலாவதை அமுக்கினாள். ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திறங்க."

சுவர் சுவிட்சை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினேன். அங்கே பேட்டரியே கிடையாது, ஆனாலும் எனக்கு அந்த நாற்றம் வந்துவிட்டது.

"ரிமோட்டக் குடு தாயி."

"உங்க வீட்டுல கேட்டாக் குடுப்பாங்களா?"

ஷட்டரைக் கையால் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. தட்டினேன். தெருவில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள். திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன். மோட்டாரிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. நுனியில் சிவப்பாக ஒரு பிடி.

இழுத்தேன். மேலே 'டக்' என்று ஏதோ விட்டது. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். வெறும் பாயைச் சுருட்டுகிற மாதிரி ஷட்டர் மேலே போனது. வெயில் கண்ணைக் குத்தியது.

"எங்க வீட்டுல இந்தக் கயிறு இல்லையே," என்றேன்.

"கயிறு இல்லாம யாரும் இந்த மோட்டார மாட்டமாட்டாங்க. போய்ப் பாருங்க."

"பாத்துட்டு? அப்புறம் நான் என்ன செய்யட்டும்?"

"ஷட்டரப் பத்திக் கேட்டீங்க. சொல்லிட்டேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் மாடியில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தேன்.

கயிறு இருந்தது. சிவப்புப் பிடியும் இருந்தது. சுருட்டி, ஷட்டர் உருளைக்குப் பின்னால் கண்ணுக்குப் படாதபடி கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

முடிச்சைப் பார்த்தேன்.

லாரித் தார்ப்பாய் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நுனியை மட்டும் சுண்டினால் விட்டுக்கொடுக்கும். எனக்கு ஒன்பது வயதில், லாரி ஷெட்டில், என் விரலைப் பிடித்து அண்ணன் சொல்லிக்கொடுத்தது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது போடத் தெரியாது.

அவிழ்க்கவில்லை. இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை. கார் புதன்கிழமையே தெருவுக்குப் போய்விட்டது. வெளியே பட்டுச் சேலைச் சரசரப்பும் மல்லிகைப்பூ வாசமும். சுவிட்சை அமுக்கினேன். எதற்கு அமுக்கினேன் என்று தெரியவில்லை. அசையவில்லை.

"அத்த, மறுபடி மக்கர் பண்ணுது போல," என்றான் பிரதீப். "போயிட்டு வந்து பாக்குறோம்."

"சீனி, தண்ணி இருக்குல்ல? ஃபேனப் போட்டுக்கோ," என்றாள் மதினி.

கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஷட்டருக்கு அடியில், சந்தில், இரண்டு செருப்பு நுனி தெரிந்தது. வந்து நின்றது நின்றபடியே இருந்தது.

"அண்ணே," என்றேன்.

"ம்."

எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

"நல்லபடியா முடிச்சுட்டு வாங்க."

செருப்பு போய்விட்டது.

கார் தெருமுனை திரும்பும்வரை இருந்தேன். பிறகு கட்டிலில் ஏறி, முடிச்சின் நுனியைச் சுண்டினேன். கை மறக்கவில்லை. பிடியை இழுத்தேன். இறங்கி, ஆள் தவழ்ந்து நுழைகிற உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கினேன். ஷெட் கட்டினபோது மிஞ்சின ஹாலோ பிளாக் கல் ஒன்று மூலையில் கிடந்தது. அதை உருட்டிவந்து ஷட்டருக்கு அடியில் நிறுத்தினேன்.

அன்றிலிருந்து ஷட்டர் இறங்குகிற போதெல்லாம் அந்தக் கல்லை அடியில் நிறுத்திவைக்கிறேன். நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.