ஐந்தாவது வீடு

ஏகாம்பரம் எண்ணெய்க் கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு மங்கையம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இந்த வயதில் சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஊரில் சிரித்தார்கள். ஏகாம்பரம் அதைச் சட்டை செய்யவில்லை.

மடத்து வழக்கம் எளிது. திருவோட்டோடு போகிறவர் வரிசையாக ஏழு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். போட்டாலும் போடாவிட்டாலும் "நல்லா இருங்க" என்று வாழ்த்த வேண்டும். திரும்பி வந்து ஓட்டை எல்லார் முன்னாலும் வைத்து நன்றி சொல்ல வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு.

தை மாதத்தில் ஏகாம்பரம் நன்றி சொன்னால் கேட்கவே நன்றாக இருக்கும். ஓடு வழியப் பொங்கல், குரலில் அப்படி ஒரு குழைவு. மழை பொய்த்து ஆடி வந்தது. ஓடும் காலி, குழைவும் காலி.

ஒருநாள் குருவிடம் வந்து, ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார்.

"ஏன்?"

"வெறும் ஓட்டைக் கையில வச்சுக்கிட்டு நன்றி சொல்றேன்மா. வயிறு எரியுது, வாய் பொய் சொல்லுது. முப்பது வருஷம் கடையில இருந்தேன், அங்ககூட இப்படிப் பொய் சொன்னதில்ல."

அது உண்மை. அவர் கடை எண்ணெயில் கலப்படம் என்று யாரும் சொன்னதில்லை.

"நாளைக்கு உங்ககூட நானும் வர்றேன். அப்புறம் போங்க," என்றார் குரு.

மறுநாள் நான்கு வீடுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவது வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் ஏகாம்பரம் தாண்டினார். குரு நின்றுவிட்டார்.

அங்கே மூன்று மாதமாக ஒன்றும் போடுவதில்லை, அதனால் தெருமுனை வீட்டைச் சேர்த்து ஏழாக்கிக்கொள்கிறேன் என்றார் ஏகாம்பரம். கடைக்காரர் மூளை, எண்ணிக்கை மட்டும் சரியாகத்தான் இருந்தது.

குரு கூப்பிட்டதும் பனையேறியின் மனைவி செல்லக்கனி வெளியே வந்தாள். கை வெறுமையாக இருந்தது. அவள் பார்த்தது ஏகாம்பரத்தைத்தான்.

"போட ஒண்ணுமில்லதான் சாமி. அதுக்காக எங்க வாசலை விட்டுட்டுப் போயிரலாமா? சித்திரையில பனையில இருந்து விழுந்தவுக இன்னும் எந்திரிக்கல. நீங்க பக்கத்து வீட்டுல வாழ்த்துற சத்தம் கேட்டதும் தலையை வாரிவிடச் சொல்லுவாக. வாழ்த்தைப் படுத்துக்கிட்டு வாங்கக் கூடாதாம். நான் தூக்கி உக்கார வைப்பேன். நீங்க தாண்டிப் போயிருவீக."

உள்ளேயிருந்து ஒரு குரல், "வந்துட்டாகளா?" என்றது.

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். சுவரில் சாய்ந்தபடி, படிய வாரிய தலையோடு ஒருவன் கைகூப்பி உட்கார்ந்திருந்தான். ஏகாம்பரத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. வாசலில் நேராக நின்று வாழ்த்தினார்.

"நல்லா இருங்க."

பிறகு செல்லக்கனியிடம், "நாளைக்கும் வர்றேன்மா," என்றார்.

மிச்சமிருந்த இரண்டு வீடுகளிலும் ஒன்றும் இல்லை. மடத்தில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் வாசலிலேயே தயங்கினார்.

"இன்னைக்கு நான் என்னம்மா சொல்லட்டும்?"

"பசிக்குதுன்னு சொல்லுங்க," என்றார் குரு. "ஒரு வீட்டுல நமக்காகத் தலை வாரி உக்காந்திருந்தாங்கன்னும் சொல்லுங்க. ரெண்டுமே பொய் இல்லையே."