முதுகில் இரண்டு காயம்

இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுத வேண்டியவர் நீங்கள்தான். வக்கீல் வைக்க வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும்.

மாசானமும் இசக்கிராஜாவும் கூடப்பிறந்தவர்கள். பங்கு பிரித்த வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்ப மாசானம் கம்பி நட்டான். ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று தம்பி சண்டைக்கு வந்தான். "போடா, ஆளைக் கூட்டி அளந்துக்க" என்று அண்ணன் திரும்பியபோது முதுகில் கத்தி இறங்கியது. குப்புற விழுந்தவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தவள் அவன் மனைவி பேச்சித்தாய் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் அவள் கொடுத்த புகாரை வைத்துத்தான் முதல் தகவல் அறிக்கை போட்டார்கள்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்து, போலீஸையும் பேச்சித்தாயையும் வெளியே அனுப்பினார். சாகப்போகிற நேரத்தில் எவனும் பொய் சொல்ல மாட்டான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. சட்டத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது, பாவம். மாசானம் யோசித்தான். தான் போவது உறுதியாகிவிட்டது, தம்பியும் ஜெயிலுக்குப் போனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் யார் இருக்கிறார்கள்?

"யாரும் குத்தல அய்யா. மல்லாக்க விழுந்தேன். நட்டிருந்த கம்பி ஒண்ணு முதுகுல ஏறிட்டு" என்றான்.

மாஜிஸ்திரேட் சொன்னதைச் சொன்னபடி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நிம்மதியாகக் கண்ணை மூடியவன் நாலாம் நாள் கஞ்சி கேட்டான்.

ஒரு வருஷம் கழித்துக் கொலை முயற்சி வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜாமீனில் இருந்த இசக்கிராஜா அண்ணன் காலில் விழுந்து அழுதான். அவனுடைய வக்கீல் தெம்பாக இருந்தார். "மரண வாக்குமூலமே நம்ம பக்கம் இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். இடைஞ்சல் பேச்சித்தாய்தான். அரசுத் தரப்பின் முதல் சாட்சி அவள். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள், அவள் சோறு போடும்போது மாசானம் மெல்ல ஆரம்பித்தான்.

"நாளைக்கு நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரு. பிறழ்சாட்சின்னு எழுதிட்டு விட்டுருவாங்க. தம்பி பொழச்சுப் போவான்."

"நீங்க என்ன சொல்லப் போறீய?"

"சொன்னதுதான். கம்பி குத்திட்டு."

"எத்தனை தடவ விழுந்தீய?"

"இது என்ன கேள்வி? ஒரு தடவதான்."

பேச்சித்தாய் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "முதுகுல ரெண்டு காயம், பக்கத்துப் பக்கத்துல. டாக்டர் சர்டிபிகேட்லயும் ரெண்டுதான். ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒரு கைக்கு ஒண்ணா நான்தான் அடைச்சுப் பிடிச்சிருந்தேன். நீங்க விழுந்த பெறகும் ஒங்க தம்பி விடல."

மாசானத்தின் கை தானாக முதுகுப் பக்கம் போனது. அந்த இடம் எட்டவில்லை. ஆத்திரத்தில் ஒரே ஒரு குத்து என்றுதான் ஒரு வருஷமாக நம்பியிருந்தான். விழுந்து கிடந்தவனை மறுபடியுமா என்று நினைத்ததும் மனசு விட்டுப்போயிற்று. மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள். பேச்சித்தாய் கூண்டில் ஏறி, கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் எழுதிய தாள் நிற்குமா, பேச்சித்தாயின் சாட்சியம் நிற்குமா? தம்பியைக் காக்கப் பொய் சொன்னவன், புருஷன் கேட்டும் உண்மையை விடாதவள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மரண வாக்குமூலத்துக்கு அந்த மதிப்பு வருவது, சொன்னவன் செத்தால்தான். மாசானம் பிழைத்த அன்றே அது போய்விட்டது. இனி அவன் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை விழுந்தவனை ஒரே கம்பி இரண்டு இடத்தில் குத்தாது. ஆகவே நிற்பது பேச்சித்தாயின் சொல், சரியும் அவள் பக்கம்தான். யோசித்துப் பார்த்தால், அந்தத் தாளைச் செல்லாமல் ஆக்கியவளும் அவளேதான். அன்றைக்கு வழியில் ஒரு கையை எடுத்திருந்தாலும் அது மரண வாக்குமூலமாகவே நின்றிருக்கும்.