சுங்கவாசலும் சரளைக்கூடையும்

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடந்த கணவாய் நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவனா கெட்டவனா என்று என்னைக் கேட்காதீர்கள். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக எவன் அவன் காதைக் கடித்தானோ, அன்றைக்கு அவன் சொன்னதுதான் சட்டம்.

பெரும்பாலும் கடித்தவன் சாலை அதிகாரி அனந்தகீர்த்தி. மந்திரி பூதலிங்கத்தின் ஆசனத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "கல் நம்முடையது, உழைப்பு நம்முடையது, மகாராஜா. கடற்கரை நாட்டு உப்பு வண்டிகள் வந்து பள்ளமாக்கிவிட்டுப் போகின்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எத்தனை நாள் விடுவது?" என்றான். கேட்க நியாயம்போலத்தான் இருந்தது. எல்லையில் ஒரு சுங்கவாசல் எழும்பியது. உள்ளூர் வண்டி வந்தால் கதவு திறக்கும். வெளியூர் வண்டி வெள்ளி வைத்தால்தான் திறக்கும். மந்திரி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த மழைக்காலத்தில் சடையாண்டி என்ற உப்பு வண்டிக்காரன், நிறைமாதப் பெண்டாட்டி பேச்சியை மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து ஓட்டிவந்தான். வழியிலேயே வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி இருந்ததோ வாசலுக்கு அந்தப் பக்கம். கையில் வெள்ளி இல்லை, வண்டி உப்பையும் எடுத்துக்கொண்டு விடுங்கள் என்று காவல்காரர்கள் காலில் விழுந்தான். உப்பு வாங்க உத்தரவில்லை என்றார்கள். உத்தரவு கேட்டு அனந்தகீர்த்தியிடம் ஆள் போனது. விருந்துச் சாப்பாட்டில் இருந்தவன், காத்திருக்கட்டும் என்று சொல்லியனுப்பினான். தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. வாசல் ஓரத்திலேயே புதைத்தார்கள். புதைத்த கையோடு சடையாண்டி தன் வண்டியில் கிடந்த கடப்பாரையை எடுத்துக் கதவை நொறுக்கிப் போட்டான்.

ராஜாவின் சொத்தில் கை வைத்தவனுக்குக் கழுமரம். உடைத்த வாசலிலேயே ஏற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

பூதலிங்கத்துக்கு, செத்தவளை எந்தப் புத்தியாலும் எழுப்ப முடியாது, இருப்பவனையாவது காப்பாற்ற வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. சபையில் எழுந்து, வெளியூர் வண்டியால் நமக்குக் கெடுதல் மட்டும்தானா என்று கேட்டார். மந்திரி வீட்டுக்குக் கடற்கரையிலிருந்து கருவாடு வருகிறதோ என்னவோ என்று அனந்தகீர்த்தி சொல்ல, சபையே சிரித்தது.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி தலைக்கேறியது. "அவர்களால் என் சாலைக்கு ஒரு நன்மை உண்டென்று காட்டும், மந்திரி. காட்டினால் அவன் உயிர் அவனுக்கு. இல்லாவிட்டால் இரண்டு கழு நடச் சொல்கிறேன்."

"காட்டுகிறேன், மகாராஜா. தாங்கள் மட்டும் குதிரையில் வராமல் ரதத்தில் வாசல்வரை வரவேண்டும். பிடித்துவைத்த அவன் வண்டியும், உள்ளது உள்ளபடி பின்னால் வரட்டும்."

மறுநாள் கிளம்பினார்கள். ரதத்தில் ராஜாவும் அனந்தகீர்த்தியும். பக்கத்தில் மந்திரியும் வீரர்களும். கட்டிய கையோடு சடையாண்டி பின்னால் நடை. சுங்கம் வந்த பிறகு ராஜா அந்தப் பக்கம் வந்ததேயில்லை. ரதம் ஆடிய ஆட்டத்தில் கிரீடம் மடியில் விழுந்தது. ஓடை இறக்கத்தில் சக்கரம் அச்சுவரை புதைந்து, ரதம் சாய்ந்து, ராஜாவின் கால் பாறைக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. மலையில் நல்ல மழை. ஓடைத் தண்ணீர் செக்கச்செவேலென்று ஏறிவந்தது. முதலில் கரைக்குத் தாவியவன் யார் என்கிறீர்கள்? அனந்தகீர்த்திதான். வீரர்கள் தள்ளத் தள்ள ரதம் இன்னும் இறங்கியது.

மந்திரி போட்ட கணக்கு இதுவல்ல. ரதம் குலுங்கும், ராஜா காரணம் கேட்பான், வண்டியைக் காட்டலாம் என்றுதான் இருந்தார். தண்ணீர் ராஜாவின் இடுப்புக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் சடையாண்டியின் கட்டை அவிழ்த்தார். அவனிடம் எந்த வாயால் உதவி கேட்பது?

சடையாண்டி ராஜாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பள்ளத்தைத்தான் பார்த்தான். தன் வண்டிக்கு அடியில் தொங்கிய கூடையை இறக்கி, அதிலிருந்த சரளைக்கல்லில் பெரும்பகுதியைச் சக்கரத்தின் கீழ் கொட்டி மிதித்தான். வண்டியிலிருந்த கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைத்தது. ரதம் நிமிர, ராஜாவை இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே ராஜா கேட்டான்: "உப்பு வண்டியில் கல் எதற்கடா?"

"எங்க பக்கத்து வழக்கம் சாமி. சக்கரம் எறங்குன பள்ளத்த மூடாமப் போனா, பின்னால வர்றவன் படுற பாடு நம்ம தலையில பாவமா விடியும். எல்லா வண்டியிலயும் ஒரு கூடை தொங்கும். சுங்கம் வந்ததும் கழட்டிட்டாங்க. வெள்ளி குடுத்தாச்சு, ராசாவே மூடிக்கட்டும்னு."

"நீ மட்டும் ஏன் கழற்றவில்லை?"

"பேச்சி விடல. நாம திரும்பி வர்ற வழியும் இதுதானேன்னா."

ராஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் மந்திரி மெல்லக் கேட்டார், "பள்ளம் மூட வாங்கிய வெள்ளி எங்கே போயிற்று, மகாராஜா?" எல்லார் கண்ணும் அனந்தகீர்த்தியின் பட்டு அங்கவஸ்திரத்தின் மேல் போய் நின்றது. அந்தப் பட்டையே சும்மாடாகக் கட்டி, சுங்கவாசலை இடித்த கல்லைத் தலையில் சுமந்து, சாலைப் பள்ளங்களை அவன் கையாலேயே மூட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. மறுத்தால் மாலைக்குள் ராஜாவின் புத்தி மாறிவிடுமே என்று பேசாமல் வாங்கிக்கொண்டார். சடையாண்டியிடம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வண்டியையும் மாட்டையும் கொடுத்தால் போதும் என்றான்.

வாசல் தரைமட்டமான பிறகு அவன் ஊருக்குக் கிளம்பினான். எல்லை வந்ததும், மறிக்க ஆள் இல்லாத இடத்தில் மாடுகள் பழக்கத்தில் தாமாகவே நின்றுவிட்டன. இறங்கி, கூடையில் மிச்சமிருந்த கல்லைப் பேச்சியின் தலைமாட்டில் கொட்டினான். அப்படியே உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் அவன் வரவேயில்லை.

மற்ற வண்டிகள் வந்தன. வந்தவர்கள் பள்ளத்துக்கு ஒரு கூடை போட்டார்கள், அவளுக்கும் ஒரு கல் வைத்தார்கள். அந்த ராஜாவின் பேரைக் கேட்டால் அங்கே இன்று ஒருவருக்கும் தெரியாது. பேச்சி மேடு எங்கே என்று கேளுங்கள், சின்னப்பிள்ளையும் வழி சொல்லும்.